மூண்டு குறையும் ஒரு நல்லதும்

மற்றவை கண்முழிச்சுச் செய்த வீடியோவைப் பாத்துக் குறை சொல்லுறதைப் போல லேசான வேலை உலகத்திலேயே இல்லையெண்டு நினைக்கிறவையள் ஒருக்கா என்ர கதிரையில வந்து இருந்து பாருங்கோ. ஏற்கெனவே இருந்து பட்டவையளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சண்டை முடிஞ்சு சனம் ஊருகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். மன்னார் பஸாரில நானும் நிஸ்தாரும் சேந்து ஒரு இன்ரநெற் கபே நடத்தினனாங்கள். நிஸ்தார் புத்தளத்தில வளந்து திரும்பி வந்தவன், கொம்பியூட்டர் திருத்துவான். ஜப்பான் கார்ட்டூன் படங்களைத் துண்டு துண்டா வெட்டி, ஒரு பாட்டுக்கு மேல ஒட்டி, 'ஏ.எம்.வி.' எண்டு சொல்லிப் பிள்ளையள் கொண்டுவருவினம். பக்கத்துக் கடையில கலியாண வீடியோ எடுக்கிற அன்ரன் அண்ணைக்கு, வெட்டி ஒட்ட ஒரு ஆள் தேவைப்பட்டுது. "ஒரு போட்டி வை தங்கச்சி, முதலாவதா வாற ஆளுக்கு வேலை" எண்டிட்டார். நடுவர் நான். மூண்டு கிழமைக்குள்ள எத்தினை தரமும் திருத்திக் கொண்டுவரலாம். ஒவ்வொரு தரமும் ஒரு கடதாசித் துண்டில ஒரு நல்லதும் மூண்டு குறையும் எழுதிக் குடுப்பன். அந்த ஒரு நல்லதைத் தேடத்தான் எனக்குக் கனநேரம் போகும்.

இதயம் பறந்த வீடியோ

முதல் வந்தவன் பேசாலை எண்ட ஊர்ப் பெடியன். வீடியோ ரெண்டே ரெண்டு நிமிசம். அதுக்குள்ள ஒரு காட்சி இதயமா வெடிச்சுப் போகுது, அடுத்தது புத்தகத் தாள் மாதிரிப் புரளுது, அதுக்கடுத்தது கண்ணாடி நொருங்கின மாதிரிச் சிதறுது. சண்டை பிடிக்கிறது ஆர், அடி வாங்கிறது ஆர் எண்டு கடைசிவரைக்கும் விளங்கேல்லை. எனக்குத் தலை சுத்திப்போச்சு.

"ஏன் தம்பி, இவ்வளவும் வேணுமோ?" எண்டு கேட்டன். அவன் கொஞ்சமும் யோசிக்கேல்லை.

"அக்கா, இந்த எபெக்ற் எல்லாம் சும்மாதானே தந்திருக்கிறாங்கள், பாவிக்காமல் விட்டா அதைச் செய்தவனுக்குக் கவலையா இராதோ?"

ஆறு செக்கன் கதவு

இப்பிடியானதுகளைத் திருத்தித் திருத்தி, எனக்குத் தெரியாத குறையே இல்லையெண்டு ஒரு தலைக்கனம் வந்திட்டுது. அந்த நேரம் பாத்துத்தான் சுகந்தினி வந்தாள். வெள்ளாங்குளத்துப் பிள்ளை, இருபது வயசு. தகப்பன் வயல் செய்யிறவர். அந்த மாசக் கடைசியில உடுப்புத் தைக்கிற கார்மென்ற் வேலைக்குப் பிள்ளையளை ஏத்த ஊருக்கு ஒரு பஸ் வரும், இந்த வேலை கிடைக்காட்டி தான் அதில ஏறத்தான் வேணுமெண்டு வந்த உடனேயே சொல்லிப்போட்டாள்.

அவளின்ர வீடியோவில ஒரு பெண் ஓடிக்கொண்டே இருக்கிறாள். பாட்டு நல்ல வேகம். ஆனா வெட்டு ஒண்டும் தாளத்தில விழேல்லை, எல்லாம் ஒரு கணம் முந்தியே விழுகுது. நடுவில திடீரெண்டு ஒரு பூட்டின கதவு, அசையாமல் ஆறு செக்கன் நிக்குது. எனக்கு வந்திச்சே கோபம்! 'தாளத்தில வெட்டவும். கதவை எடுக்கவும். முடிவு காணாது' எண்டு எழுதினன். நல்லது எண்ட இடத்தில 'பாட்டுத் தெரிவு' எண்டு கிறுக்கிவிட்டன். அவள் துண்டை மடிச்சுக் கைப்பைக்குள்ள வச்சுக்கொண்டு போனாள். பின்னால நிண்டு பாத்த நிஸ்தார் மட்டும் முணுமுணுத்தான்.

"என்ன ஜெனி நீங்க, அந்தக் கதவு திறக்குமா திறக்காதா எண்டு நான் மூச்சை அடக்கிக்கொண்டெல்லோ நிண்டேன்."

மூண்டாம் துண்டு

நிஸ்தாருக்கு ரசனை காணாது எண்டு நான் விட்டிட்டன். சுகந்தினி அடுத்த கிழமையும் வந்தாள், அதுக்கடுத்த கிழமையும் வந்தாள். ரெண்டரை மணித்தியாலம் பஸ்ஸில குலுங்கி வந்து, நான் எழுதினதை அப்பிடியே செய்து காட்டினாள். கதவு போச்சு. வெட்டுகள் ஆணி அடிச்ச மாதிரித் தாளத்தில விழுந்துது. ஓடின பெண் கடைசியில ஆரையோ கட்டிப்பிடிச்சாள். எனக்கெண்டா உச்சி குளிர்ந்துபோச்சு.

போட்டி நாளண்டு ஐம்பதுக்கு நாப்பத்தெட்டுப் போட்டு அவளை முதலாவதா வச்சன். அன்ரன் அண்ணை வந்து ரெண்டு தரம் பாத்தார். தாடியைச் சொறிஞ்சார். அவள் என்ர கதிரைக்குப் பின்னால நிண்டு துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு விடிய ஊருக்கு அந்தக் கார்மென்ற் பஸ் வருது.

"பிழை ஒண்டுமில்லை தங்கச்சி, ஆனா இதை வெட்டினது நீயெல்லோ, பிள்ளை வெட்டினது எங்க?"

அழிச்ச பிரதி

எனக்குச் சுரீரெண்டுது. உண்மை எண்டபடியால்தான் அவ்வளவு சுட்டுது. "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ, முதல் செய்ததைப் பாருங்கோ, அது வேற மாதிரி" எண்டு சொல்லிக்கொண்டு கொம்பியூட்டர் முழுக்கத் தேடினன். இல்லை. நிஸ்தாரும் தேடினான். அவனிட்டயும் இல்லை. "பென் டிரைவைக் குடு பிள்ளை" எண்டு அவளிட்டக் கை நீட்டினன். அதுக்குள்ளயும் ஒண்டே ஒண்டுதான் கிடந்துது, நாப்பத்தெட்டு மார்க்ஸ் வாங்கினது.

"ஐயோ, முதல் செய்தது எங்கயம்மா?" எண்டு கத்திப்போட்டன். அவள் பயந்துபோய் என்னைப் பாத்தாள்.

"நீங்கள் பிழை எண்டு சொன்னதை நான் என்னத்துக்கு அக்கா வச்சிருக்கிறது?"

சரியோ அக்கா?

அன்ரன் அண்ணை நல்ல மனுசன். முந்தநாள் தான் எடுத்த ஒரு கலியாண வீடியோவைப் போட்டு, "இதில ரெண்டு நிமிசம் வெட்டித் தா பிள்ளை, பாப்பம்" எண்டார். வெள்ளாங்குளத்துக் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்துது.

அவள் மவுஸைப் பிடிச்சாள். மாப்பிள்ளை கோயில் படியில ஏறிற இடத்தில ஒரு வெட்டு. உடனே திரும்பி என்னைப் பாத்து, "சரியோ அக்கா?" எண்டாள். கலியாணப் பொம்பிளையின்ர தாய் கண்ணைத் துடைக்கிற இடம். வெட்டு. "சரியோ அக்கா?" மூண்டாவதுக்குக் கை மவுஸில இருக்கேக்கையே முகம் என்ர பக்கம் திரும்பிட்டுது. ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்து வச்சிருக்கிறன்! அழுகை வந்திட்டுது. மூண்டு கிழமைக்கு முந்தி ஒருத்தரையும் கேக்காமல் ஒரு கதவை ஆறு செக்கன் நிப்பாட்டின பிள்ளை அவள்.

நான் வெளியில வந்து கதவைச் சாத்தினன். றோட்டில நிண்டன். உள்ளுக்குப் பாட்டு ஓடுது, நிக்குது, திரும்ப ஓடுது. பிறகு கனநேரம் சத்தமே இல்லை. நிஸ்தார் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தான், குடிக்கேலாமல் கையில வச்சிருந்தன். பஸ் நேரம் நெருங்கேக்க அன்ரன் அண்ணை கண்ணைத் துடைச்சுக்கொண்டு வெளியில வந்தார்.

"ஆளை நான் எடுத்திட்டன் தங்கச்சி, ஆனா அவள் வேலை செய்யேக்க நீ மட்டும் என்ர கடைப் பக்கம் தலை காட்டாதை."

இப்பவும் ஆராவது வீடியோவைக் கொண்டுவந்து எப்பிடியெண்டு கேட்டா, மூண்டு குறையும் கடகடவெண்டு வாய்க்கு வருது, ஆனா முதல் பிரதியை எங்கயாவது ஒளிச்சு வச்சிட்டு வந்தாத்தான் வாயைத் திறப்பன் எண்டு சொல்லிப்போடுவன்.