அப்பா எடுக்கச் சொன்ன நர்சிங்

ஸ்ரீலட்சுமி அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று மட்டும் இருந்தது. நர்சிங் என்ற சொல்லைக் கௌரவக் குறைச்சல் என்று அப்பா எடுத்துவிட்டார். கணக்கராக ஓய்வுபெற்ற பகவதிப்பெருமாளின் மகள் ஆஸ்பத்திரியில் ‘ஆபீஸ் வேலை’ பார்க்கிறாள் என்றுதான் எங்கள் ஊர் கரமனையில் எல்லோருக்கும் தெரியும். நாலு வருஷம் படித்து, நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிந்தவள் அவள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா வாயே திறக்கமாட்டாள்.

எட்டு வருஷம் கழித்து என் கல்யாணம் வந்தது. அழைப்பவர்கள் வரிசையில் அக்கா பெயரும் உண்டு.

“நர்சிங்னு போடலேன்னா எனக்குப் பத்திரிகையே வேண்டாம்” என்றேன்.

“போடி, வாயாடி” என்றார் அப்பா.

அந்த வாரமே காலில் புண் பழுத்து, சர்க்கரை ஏறி, அக்கா வேலை பார்க்கும் வார்டிலேயே வந்து படுத்தார். மூன்றாம் நாள் சஷ்டி. நான் வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் மனுஷன் தன் இட்லியைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தள்ளிவிட்டார். விரதமாம்! எனக்கே பிறகுதான் தெரிந்தது.

அக்கா இன்சுலினோடு வந்தாள். முதலில் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அறுபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது.

“சாப்பிட்டீங்களாப்பா?”

“ஆச்சு மக்ளே. டாக்டர் எழுதினதப் போடு.”

அக்கா ஊசியை டிரேயில் வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள், எழுதியதைப் போட வேண்டியதுதானே என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. நான் போடமாட்டேன், வந்து பாருங்கள் என்று அக்கா மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள்.

“டாக்டர எதுத்துப் பேசுகியே, வேல போயிரும்ட்டி!” அப்பாவுக்குக் கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. அக்கா குளுக்கோஸ் கரைத்து நீட்டினாள்.

“இன்னைக்குச் சஷ்டிலா...” என்று முனகினார்.

“முருகன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். குடிங்க.”

டாக்டர் வந்து சார்ட்டைப் பார்த்தார். கோபம் இருந்த இடம் தெரியவில்லை. சிஸ்டர் நிறுத்தியது நல்லதாயிற்று, போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அப்பா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அச்சகத்து ராஜமணி பத்திரிகையின் புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டியூட்டி முடிந்து அக்காவும் பக்கத்தில்தான் இருந்தாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு ராஜமணிக்குப் போன் போட்டார்.

“ஓய், மூத்தவ பேருக்குப் பொறவு நர்சிங்னு சேத்துரும்... போன தடவ விட்டுப்போகல்ல. நாந்தான் எடுக்கச் சொன்னேன். தப்பு என்னுதாக்கும்.”

எட்டு வருஷமாக இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத அக்கா, அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.