முதுகுச் சட்டை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி முடித்ததும், கிளியூர்ப் பக்கம் அம்மா காப்பிப் பழம் பறிக்கும் எஸ்டேட்டிலேயே எடைக் கணக்கு எழுதும் ரைட்டராகச் சேர்ந்தேன். தராசுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் நான் சாய்ந்து உட்கார்ந்ததே இல்லை.

போன சீசனில் ஒரு கம்பெனி ஆறு முதுகுச் சட்டைகளைச் சோதனைக்குக் கொடுத்தது. இடுப்பிலும் தொடையிலும் பட்டை கட்டிக்கொண்டால், பேட்டரி மோட்டார் குனிந்தவரை நிமிர்த்திவிடும். சம்மதக் காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். அம்மா தயங்கினாள்.

"நான் முழுசாப் படிச்சுட்டேன். பயப்படாம போடும்மா."

மறுநாள் பக்கத்து நிரையில் பழம் பறிப்பவள் அம்மாவிடம் கேட்டாள். "ஏனுங்க அக்கா, கல்யாணப் பொண்ணாட்ட நிமுந்து நடக்கறீங்க. மாப்ள பாத்தாச்சுங்களா?"

"பாத்தாச்சு. சோறு கூடக் கேக்கறதில்ல. ராத்திரிக்குச் சார்ஜ் போட்டாப் போதும்."

எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம். சாக்கு நிறைந்தவள், முடியாதவள் சாக்கில் நாலு கை அள்ளிப் போடுவாள். கேட்பதும் இல்லை, சொல்லிக்காட்டுவதும் இல்லை. அந்த சீசன் முழுக்கச் சட்டை போட்ட ஆறு பேரும் மற்றவர்களுக்கு அள்ளிப் போட்டார்கள். தராசில் எல்லோர் எடையும் கூடியது. அது யார் பறித்த பழம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் தராசு காட்டியதை எழுதினேன்.

மேனேஜர் நோட்டைப் புரட்டினார். "சட்டை போடாதவங்களும் இவ்வளவு எடுக்கறாங்களேம்மா. அப்ப இத்தனை வருசம் சும்மாதான் நின்னிருக்காங்க."

இந்த சீசனில் அந்த எடையே எல்லோருக்கும் அளவாகிவிட்டது. எட்டாதவருக்கு அடுத்த வாரம் வேலை கிடையாது. இன்னும் இருபது சட்டைகள் வந்தன. விருப்பமுள்ளவர் போடலாம் என்றார்கள். விருப்பமில்லை என்று ஒருத்தியும் சொல்லவில்லை. இப்போது அள்ளிப் போட யார் சாக்கிலும் மிச்சம் இல்லை.

அம்மாவின் தொடையில் பட்டை உராய்ந்து புண்ணாகிவிட்டது. சட்டையைக் கழற்றினால் முதுகு நிற்பதில்லை.

"ஊட்டுல ஒரு குடம் தண்ணி தூக்க முடியல கண்ணு."

இன்று காலை கேட்டேன். "போன வருசம் எடை எப்படிக் கூடுச்சுன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிரட்டுமா?"

"சொல்லு. யாரு அள்ளிப் போட்டதும்பாரு. அடுத்தவ சாக்குல பழம் போட்டா வேலைய உட்டு நிறுத்தறதுதான இங்க சட்டம். யாரு பேரச் சொல்லுவ?"

அந்த ஆறு பேரில் அம்மாவும் ஒருத்தி. தெரிந்தே எழுதிய கை என்னுடையது.

"நீ படிச்சவ. இதைக் கழட்டறதுக்கு அந்தக் காயிதத்துல என்ன வழி போட்டிருந்துது?"

"எப்ப வேணாலும் கழட்டிக்கலாம்னு போட்டிருந்துதும்மா."

அம்மா சிரித்தாள். "செரி, மாட்டி உடு. ஜீப்பு வந்துரும்."

புண்ணின் மேல் பழந்துணியை மடித்து வைத்தேன். மண்டியிட்டுப் பட்டையை இழுத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் இறுக்கு சாமி," என்றாள்.