ஜாக்கி வைத்த பெஞ்சும் பழைய முதலாளியும்

இன்று காலை பழைய முதலாளி என் பட்டறைக்கு வந்தார். அவர் தொழிலை விட்டுவிட்டார். மகள் வீட்டுக்குத் தலைவாசல் கதவு வேண்டுமாம்.

கோரிப்பாளையத்தில் அவருடைய மரப்பட்டறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். பெஞ்செல்லாம் அவர் உயரத்துக்கு அடித்தவை. அவர் ஆறடி. நான் ஐந்தடிக்கும் குறைவு. கீழே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் நின்றுதான் மரம் இழைப்பேன். அங்கே எனக்குப் பெயரே பலகை.

இப்போது என் பெஞ்சுக்கு அடியில் இரண்டு பழைய லாரி ஜாக்கிகளைப் பொருத்தியிருக்கிறேன். உயரமான ஆள் வேலை பார்த்தால் ஏற்றுவோம். எனக்கு இறக்குவோம்.

அதைப் பார்த்து முதலாளி சிரித்தார்.

"ஏன்டா பலகை, பெஞ்சுக்கு ஜாக்கியா? வேலைக்குத் தக்கன மனுசன்தான்டா வளையணும்."

பிறகு கதவின் வரைபடத்தை பெஞ்சில் விரித்து, குனிந்து திருத்த ஆரம்பித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"இம்புட்டு தாழ்வா இருக்கே! இடுப்பு புடிக்குது. கொஞ்சம் ஏத்துடா."

ஜாக்கியின் கைப்பிடி என் காலடியில்தான் கிடந்தது.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே, ஏத்துறேன்."

குனிந்தபடியே யோசித்தார். நெற்றியைத் தடவினார். ஒன்பது தீபாவளிக்கு எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்த மனிதர். பெயர் மட்டும் வரவில்லை.

"நாளைக்கு வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

வரைபடம் இங்கேயே கிடக்கிறது, எப்படியும் வருவார். அதுவரை பெஞ்சு என் உயரத்தில்தான் நிற்கும்.

இதைப் படிக்கிற நம்ம ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். தயவுசெய்து யாரும் என் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.