இரண்டாவது எலக்ட்ரான்

ஊரெல்லாம் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோதும் அக்கா ஒப்பந்த வேலையில்தான் இருந்தாள். அதே ஆய்வகம், அதே நிறை அளக்கும் கருவி, ஒரு கால் ஆடும் அதே நாற்காலி.

அவள் பிழைப்பு ஃபுல்லரீனோடு. அறுபது கார்பன் அணுக்கள் பந்துபோலக் கோத்துக்கொண்ட மூலக்கூறு அது. எலக்ட்ரானைக் கண்டால் விடாது. பிடுங்கிக்கொண்டு எதிர்மின் அயனியாகிவிடும். ஆனால் ஒன்றோடு சரி. இரண்டாவது வந்தால் முதலாவது தள்ளிவிடும். வெற்றிடத்தில் அது ஒட்டிக்கொள்வது அபூர்வம்.

அந்த அபூர்வத்தைப் பிடித்துவிட்டதாகத் துறைத்தலைவர் அறிவித்துவிட்டார். கருவி நிறையை மின்சுமையால் வகுத்துக் காட்டும். பந்தின் நிறை எழுநூற்றிருபது; இரண்டு எலக்ட்ரான் ஏறினால் முந்நூற்றறுபதில் சிகரம் எழும். எழுந்தது. தலைவர் புதுக் கோட்டும் தைத்துக்கொண்டார்.

"சார், பந்து பாதியா உடைஞ்சு ஒரு எலக்ட்ரான் வாங்கினாலும் அங்கதான் வரும்," என்றாள் அக்கா. "பெரிசாக்கிப் பாத்தா தெரிஞ்சிடும். ஒரு அலகு எடை கூடின கார்பன் ஒண்ணு கலந்தா பக்கத்துல குட்டிச் சிகரம் வரும். ரெட்டைச் சுமைன்னா அது அரை அலகு தள்ளி நிக்கும். ஒத்தைன்னா முழு அலகு."

"ஏம்மா, உனக்கு வேலை நிரந்தரமாகணுமா, வேண்டாமா?"

"ஆகணும் சார்."

"அப்ப எதுக்குப் பெரிசாக்குற? நாளைக்குத் தேர்வுக் குழு வருது. கருவி ஓடணும், உன் வாய் ஓடக்கூடாது."

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அரை அலகுக்காகவா சோத்துல மண்ண அள்ளிப் போட்டுக்குவ?"

"பொய்க்குக் காவல் இருக்கிற வேலை எதுக்கும்மா நிரந்தரமா?"

மறுநாள் குழுவினர் வந்தார்கள். ஒருவர் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். தலைவர் திரையில் சிகரத்தைக் காட்டி முழங்கிக்கொண்டிருந்தபோது அக்கா அதைப் பெரிதாக்கினாள். குட்டிச் சிகரம் ஒரு முழு அலகு தள்ளி நின்றது. வந்திருந்தது உடைந்த பாதி.

தலைவரின் முகம் வெளுத்தது, சிவந்தது, பிறகு மலர்ந்தது.

"பாத்தீங்களா! இதான் என் ஆய்வகம். எங்க முடிவை நாங்களே நம்ப மாட்டோம். இந்தத் தப்பை உங்க கண்ணு முன்னாலயே காட்டணும்னுதான் நான் ஏற்பாடு பண்ணினேன்!"

கைதட்டல் எழுந்தது. தூங்கியவர்தான் முதலில் தட்டினார்.

"இவங்களை உடனே நிரந்தரமாக்குங்க," என்றார் தலைவர், அக்காவின் தோளைத் தட்டி. "இல்லன்னா நான் எப்படித் தப்பைக் கண்டுபிடிக்கிறது?"

வேலை உறுதியானது. கருவியைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்று அக்கா ஒரு கணம் யோசித்தாளாம். கனம் அதிகமாம்.