புவனேஸ்வரன் தேர்ந்தெடுத்த பலகை

புக்கிட் தெங்காவில் கூரைச் சட்டம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பலகைகளைத் தரம் பிரிப்பது புவனேஸ்வரனின் வேலை. தோட்டத்தில் வளர்த்த பைன் மரம் கப்பலில் வரும். சீக்கிரமாக வளர்ந்த மரம், நடுப்பகுதியில் வலுவிருக்காது. மெஷின் ஒவ்வொரு பலகையையும் அழுத்தி, எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும். பிறகு அவர் கணுக்களைப் பார்த்து, கூரையைத் தாங்கும் என்று பட்டதற்குத்தான் முத்திரை குத்துவார்.

தங்கை தேன்மொழியின் கணவன் ராகவன் கூரை போடும் தச்சன். ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டுக்குக் கூரை ஏற்றும்போது நிறுத்திய சட்டங்கள் வரிசையாகச் சாய்ந்தன. அடியில் சிக்கிய ராகவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பலகைகளில் இருந்தது புவனேஸ்வரனின் முத்திரை.

மறுநாளே அங்கே போய், ஒடிந்த பலகைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குறையுள்ள கணு ஒன்றுகூட இல்லை. சட்டங்களை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டிய குறுக்குக் கட்டைகள் மட்டும் கட்டுப் பிரிக்காமல் தரையில் கிடந்தன.

ராகவனோடு வேலை செய்த ஹக்கீம் தயங்கித் தயங்கிச் சொன்னான். “அண்ணே, மழை வர்ற மாதிரி இருந்துச்சு. சட்டம் எல்லாத்தையும் ஏத்திட்டு, கட்டைய அப்புறம் அடிச்சுக்கலாம்னு அவருதான் சொன்னாரு.”

“வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்லண்ணே.”

“தங்கச்சி காதுக்குப் போக வேணாம்லா.”

விசாரணைக்கு வந்தவர்களும் மரத்தில் குறையில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தேன்மொழி நம்பவில்லை. கருமாதி அன்று, வந்தவர்கள் எல்லாரும் இருக்கும்போதே கேட்டாள்.

“ஆபீஸ்காரங்க அப்படித்தான் சொல்வாங்க. நீ சொல்லுண்ணே. மரம் நல்ல மரமா?”

ஆமாம் என்றால், பின்னே ஏன் விழுந்தது என்று கேட்பாள். அதற்குப் பதில் ராகவன்தான். போனவனைப் பற்றி அவளுக்கு மிச்சமிருந்தது, அவன் வேலையில் கெட்டிக்காரன் என்ற பெருமை ஒன்றே.

“என் கண்ணுல ஏதாச்சும் தப்பியிருக்கும்மா,” என்றார்.

அவள் அழக்கூட இல்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு அவள் நிபோங் திபாலில் இருந்த மாமியார் வீட்டுக்கே போய்விட்டாள். தீபாவளிக்கு அவர் கொண்டுபோன சேலையை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“உண்மையைச் சொல்லிடுங்களேன்,” என்று மனைவி பிரேமா எத்தனையோ முறை கெஞ்சினாள்.

“சொன்னா நான் அவளுக்குத் திரும்பக் கிடைப்பேன். அவன் போயிடுவான் பிரேமா.”

இப்போதும் புவனேஸ்வரன் அதே வேலைதான் பார்க்கிறார். மெஷின் சரி என்று தள்ளிவிட்ட பலகையைக்கூடச் சில நேரம் எடுத்துத் தனியே வைத்துவிடுகிறார். என்ன குறை என்று சூப்பர்வைசர் கேட்டால், அவரால் எதையும் காட்ட முடிவதில்லை.