சாராள் போட்ட சாட்சிக் கையெழுத்து

உயில் எழுத உட்கார்ந்தபோதுதான் பொழிச்சலூர் வேதசிரோமணிக்குத் தமக்கு ஆளே இல்லை என்பது உறைத்தது. உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அவருக்கோ எதிர்வீட்டோடு கார் நிறுத்துவதில் சண்டை, பக்கத்து வீட்டோடு சாக்கடைத் தண்ணீரில் சண்டை, சபையில் பாதிப்பேரோடு கமிட்டித் தேர்தலில் சண்டை. மிச்சமிருந்த உபதேசியார் ஜெபராஜ் தம் கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொருத்தருக்கு எங்க போறது மாமா?” என்றாள் மருமகள் சாராள்.

“நீ போடும்மா. பதினோரு வருஷமா என்னைக் குளிப்பாட்டுறவ. உன்னைவிட யாருக்கு என்னைத் தெரியும்?”

சாராளின் கணவன் ஷெர்வின், மூத்த மகன், பிள்ளை குட்டி இல்லாமல் போய்ச்சேர்ந்தவன். அதன்பின் அவள் செய்த குற்றமெல்லாம், பிறந்த வீட்டுக்குப் போகாமல் கிழவருக்குக் கஞ்சி வைத்தது. பம்மலில் பார்த்த நர்சரி டீச்சர் வேலையையும் அதற்காகவே விட்டாள். உயிலில் வீடு அவள் பெயருக்கு. அடியில் முத்து முத்தாகச் சாட்சியும் அவளே போட்டாள்.

இளையவன் ஜேசன், மறைமலை நகரில் மேனேஜர், ஊரப்பாக்கத்தில் ஃபிளாட். கிறிஸ்மஸுக்கு மட்டும் கேக்கோடு வந்து, அதை வெட்டும் முன் கிளம்பிவிடுவான். அப்பா இறந்தபோது அடக்கத்துக்குப் பெரியமனது பண்ணி அரைநாள் இருந்தான். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் உயிலை அவனிடம் எடுத்துக் கொடுத்தவள் சாராளேதான். அவன் முகம் கறுத்தது. அவளையும் அழைத்துக்கொண்டு தாம்பரம் வக்கீல் சாம்பசிவனிடம் போனான். சாம்பசிவன் எந்த உயிலையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர்.

“சாட்சி சாராள் யாரு?”

“நான்தான் சார்.”

“வீடு யாருக்கு?”

“எனக்குத்தான் சார்.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “கிறிஸ்டியன்ஸுக்கு இருக்கிற சட்டத்துல, சாட்சி போட்டவங்களுக்கு எழுதினது செல்லாதும்மா. வீடு உயிலே எழுதாத மாதிரி மகனுக்குப் போயிடும். பிள்ளையில்லாத விதவை மருமக வாரிசு லிஸ்ட்லயே இல்ல. ஹிந்துவா இருந்தா ரெண்டுலயும் தப்பிச்சிருப்பீங்க.”

“வேற யாராவது போட்டிருந்தா?”

“வீடு உங்களுது. தெருவுல போற ஒரு ஆள் போதும்.”

ஜேசன் நல்லவன். வெளியே வந்ததும் சொன்னான்: “உடனே போகச் சொல்லல அண்ணி. விக்கிற வரைக்கும் இருங்க. பூட்டிக் கிடந்தா விலையைக் குறைப்பானுங்க. அப்பா ரூம்ல அந்த மூத்திர வாடை மட்டும் போகக் கழுவி விட்டுடுங்க.”

கழுவினாள்.

மூன்றாவது ஞாயிறு வீடு பார்க்க ஸ்நேகா என்ற பெண் கணவனோடு வந்தாள். அவளுக்கு வீடு பிடித்துப்போயிற்று.

“எவ்ளோ நீட்டா வச்சிருக்காங்க. இவங்க யாரு சார்?”

“அப்பாவைப் பாத்துக்க இருந்தவங்க,” என்றான் ஜேசன்.

“அப்படியா? என் மாமனாரும் படுத்த படுக்கைதான். எங்ககூடவே இருந்துடுங்களேன் ஆன்ட்டி.”

ஜேசனுக்கு அப்பாடா என்றிருந்தது. “இருங்களேன். ரூம்கூட மாத்த வேணாம்.”

சாராள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“ஆள் எத்தனை கிலோ இருப்பாரு?” என்று கேட்டாள்.