பல்லில்லாத வால்ரஸும் மட்டி விற்கும் அக்காவும்

இன்று கும்மிடிப்பூண்டி ரயிலில் செல்போனில் வாலெனிக்டஸ் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். வால்ரஸ் என்கிற கடல் விலங்குக்கு உறவு, எப்போதோ அழிந்துபோனது. இரண்டு தந்தம் தவிர வாயில் ஒரு பல் கிடையாது.

பக்கத்தில் காலி மட்டிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா படத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் துன்னும் இது?"

"மட்டிதான். தந்தத்தால சிப்பி ஓட்டை ஒடச்சித் தின்னும்."

"ஒடச்சா ஓட்டுத்தூளு சதையில கலந்துடுமே. பல்லில்லாதது உறிஞ்சித்தான் துன்னும்."

"ஆராய்ச்சி பண்ணவங்களவிட உங்களுக்குத் தெரியுமோ?" என்று பெட்டிக்கே கேட்கிற மாதிரி சிரித்தேன்.

அக்கா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எண்ணூரில் இறங்கிப் போய்விட்டார்.

அப்புறம்தான் அடுத்த பத்தியைப் படித்தேன். உறிஞ்சித்தான் தின்றதாம்.

நான் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறவன்.

நாளைக்கும் அதே ரயில்தான். எந்தப் பெட்டியில் ஏறட்டும், சொல்லுங்கள்.